பாவா மாற்றிக் கட்டிய வண்டி

மோட்டார் சைக்கிளை ஒட்டியிருந்த சைடுகாரின் தொட்டியை நாங்கள் தூக்கியபொழுது அதனுள்ளிருந்து ஒரு கோழி சிறகடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. கிழிந்த தோல் இருக்கையின் பஞ்சுக்கு நடுவே முட்டைகள் கிடந்தன.

"பாரு மச்சான், மிலிட்டரி வண்டி ஊட்டுக்கு வந்து முழுசா ஒரு வாரம் ஆவல. அதுக்குள்ள கோழி குடித்தனம் வந்துட்ச்சி" என்று பாவா சிரித்தார்.

பாவா என் தமக்கை கமலாவின் கணவர். பெயர் முனிரத்தினம். தமிழும் தெலுங்கும் ஒரே கிணற்றில் நீர் இறைக்கும் எங்கள் ஊர்ப்பக்கத்தில் அக்காள் கணவரைப் பாவா என்றே அழைப்போம். எங்கள் ஊரான திருத்தணி அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பள்ளி விடுமுறைக்கு அக்காள் வீட்டில் தங்கியிருந்த நான், புதிதாகப் பணியேற்ற இளந்தமிழாசிரியன்.

தொட்டியை இறக்கி வேலியோரம் வைத்தோம். அடுத்த வீட்டுக்காரர் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மறுநாள் அவருடைய எருமை அதில் கழுநீர் குடித்துக்கொண்டிருந்தது. படைத்தலைவர் எவரோ அமர்ந்து சென்ற இருக்கை அது. எருமைக்கு அந்தப் பெருமிதம் ஏதும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

தொட்டியை இழந்த மோட்டார் சைக்கிள், பக்கத்தில் வெறும் இரும்புச் சட்டமும் ஒற்றைச் சக்கரமுமாக, காய்ந்த சாணத்தின் பச்சை நிறத்தில் வெயிலில் நின்றது. அக்கா வாயிற்படியில் நின்று அதைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அன்று அதைப் பார்த்த பார்வைக்குக் காரணம் இருந்தது.

கரி பஸ்ஸும் கட்டை வண்டியும்

திருமணமான சில மாதங்களிலேயே பாவா படையில் சேர்ந்துவிட்டார். வண்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவு. அசாம் காடுகள், பர்மா எல்லை என்று அவரை எங்கெங்கோ கொண்டு சென்றார்கள். போர் முடியும்வரை அக்கா எங்கள் தாய்வீட்டில் இருந்தாள். தபால்காரரின் மிதிவண்டி மணி கேட்டால் அவள் கையிலிருக்கும் வேலை நின்றுவிடும். மணி கடந்து போனபின் மீண்டும் தொடரும். அத்தகைய ஆண்டுகள் அவை.

போர் ஓய்ந்து பாவா திரும்பினார். ஊரில் அவருக்கேற்ற வேலை இல்லை. மோட்டார் என்று ஊர் கண்டதெல்லாம் கரி பஸ் ஒன்றுதான். பெட்ரோல் தட்டுப்பாட்டினால் பின்புறம் கரியடுப்பை மாட்டிக்கொண்டு ஓடியது அது. ஏற்றம் வந்தால் நடத்துநர் பணிவோடு, "ஆம்பளைங்க மட்டும் எறங்கி ஒரு கை புடிங்க" என்பார். பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸைத் தள்ளியவர்களுள் நானும் ஒருவன்.

வடநாட்டில் ஒரு படைப் பட்டறையில் பாவாவுக்கு வேலை காத்திருந்தது. மாத இறுதிக்குள் வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்காவை உடன் அழைத்துச் செல்ல அங்கே வீடு கிடையாது. மறுபடியும் அவள் தனித்திருக்க வேண்டும்.

போவதற்கு மனமில்லாத பாவா ஒரு வழி கண்டுபிடித்தார். அம்மையார்குப்பத்தில் தெருத்தெருவாகத் தறிகள். அங்கே நெய்த சேலை மூட்டைகள் கட்டை வண்டியில் அரக்கோணம் சந்திப்பை அடைந்து சென்னைக்கு ரயிலேறும். எங்கள் ஊரிலும் ரயில் நிலையம் உண்டு. ஆனால் இங்கே ஏற்றும் மூட்டை அரக்கோணத்தில் வண்டி மாறும்பொழுது நாட்கணக்கில் கிடந்துவிடும். கட்டை வண்டியோ வழியில் மழை வந்தால் மரத்தடியில் நின்றுவிடும். சரக்கு சென்னையைச் சேரும்பொழுது வாங்குவோர் வேறு ஊர்த் துணியை வாங்கிப் போயிருப்பார்கள். காலையில் மூட்டையை ஏற்றி, நண்பகல் ரயிலில் சேர்த்து, அன்று மாலையே சென்னையில் இறக்கிவிட்டால்?

படைத்துறை ஏலம் விட்ட வண்டியை, சேர்த்த பொருளனைத்தையும் கொடுத்து அவர் வாங்கியது இதற்காகத்தான். நெசவாளர்கள் ஒரே ஒரு முறை சோதித்துப் பார்க்க இசைந்தார்கள். நண்பகல் ரயிலைப் பிடித்தால் தெருவின் மூட்டைகள் அனைத்தும் அவருக்கு. தவறினால் மூட்டைகளை அன்றே திருப்பிக் கொண்டுவந்து கட்டை வண்டிக்காரர்களிடம் கொடுத்துவிட வேண்டும்.

"தவறிட்ச்சின்னா நான் வடக்க கெளம்பறேன் கமலா. வேற வழி கெடையாது" என்று பாவா என் முன்னிலையிலேயே சொன்னார்.

அக்கா, "ஆங்" என்றாள். 

பெட்டியும் பற்சக்கரமும்

விடுமுறை முழுவதும் அவ்வண்டியோடு கழிந்தது. தொட்டி இருந்த இடத்தில் ஒரு நீண்ட பெட்டி அமைத்தோம். அடிக்குப் பலகை, பக்கங்களுக்கு மூங்கில் தட்டி, மேலே கீல் வைத்த மூடி, அதற்கும் மேலே தார்ப்பாய். கனம் கூடக் கூடாது, துணியில் சிராய் குத்தக் கூடாது. அக்கா தன் பழைய சேலைகளை இரண்டாக மடித்துத் தைத்து உட்புறம் முழுவதும் மெத்தைபோல் பொதிந்து கொடுத்தாள். மணமான புதிதில் அவள் உடுத்திய கத்தரிப்பூ நிறச் சேலையும் அதில் இருந்தது. பின்னிருக்கைக்கு இருபுறமும் பழுதுக் கருவிகளுக்காகப் படைக் கித்தான் பைகள் தொங்கின.

சுமை கூடினால் இழுவையும் கூட வேண்டுமே! பாவா சென்னைக்குச் சென்று, பழைய பொருட்கடைகளில் அலைந்து, ஒரு துணி முடிச்சோடு திரும்பினார். முற்றத்தில் அமர்ந்து அதை அவிழ்த்தபோது மணமகளுக்கு வாங்கிய நகையைக் காட்டுவதுபோல் ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தார். இஞ்சினுக்குப் பற்கள் குறைந்த புதிய பற்சக்கரம். முன்புறத்துக்கு விறைப்பான சுருள்வில். பிஸ்டனுக்குப் புதிய வளையங்கள். கார்புரேட்டருக்குள் பெட்ரோலைப் பாய்ச்சும், பெரிய துளையுள்ள ஜெட்.

எனக்கு அந்நாளில் எதற்கும் தமிழ்ப்பெயர் சூட்டாவிட்டால் உறக்கம் வராது. ஸ்ப்ராக்கெட்டைப் பற்சக்கரம் என்றேன், ஸ்பிரிங்கைச் சுருள்வில் என்றேன், கார்புரேட்டரை எரிநீர்க் கலப்பி என்றேன். பாவா கிரீசுக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மச்சான், நீ சொல்றதெல்லாம் கேக்க நல்லாத்தான் கீது. ஆனா இது இங்கிலீசுல பொறந்த வண்டி. ஸ்ப்ராக்கெட்டுன்னு கூப்ட்டாத்தான் திரும்பிப் பாக்கும்."

வேலை முடிந்து முதன்முறை உதைத்தபொழுது இஞ்சின் பழைய இருமலை விட்டுவிட்டு அடித்தொண்டையில் உறுமியது. தெருவில் நெல் காயவைத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். குரங்குகள் ஓட்டின்மேல் ஏறிக்கொண்டன. மலைக்குப் போகும் ஏற்றத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தோம். கரி பஸ் மூச்சுத் திணறும் சரிவில் அது யானையைப்போல் நிதானமாக ஏறியது. எரிந்த பெட்ரோலின் அந்த மணத்தை இன்றும் எங்கேனும் நுகர்ந்தால் என் வயது சட்டெனக் குறைந்துவிடுகிறது.

ஏகாம்பரம் ஏறினார்

சோதனை நாள் வந்தது. சித்திரை மாதத்து விடியல். ஆர்.கே.பேட்டையைக் கடந்து அம்மையார்குப்பம் சேர்ந்தபோது தெருவே எங்களுக்காகக் காத்திருந்தது. பெட்டியில் மூட்டைகளை அடுக்கினோம். அப்போது ஏகாம்பரம் முன்னே வந்தார்.

ஏகாம்பரம் அந்தத் தெருவின் மூத்த நெசவாளர். சண்டை வழக்குகளில் அவர் சொல்லே முடிவு. கரை போட்ட வேட்டியில் ஒரு கசங்கல் இராது. அவரைப் பார்த்து எவரும் சிரித்ததில்லை என்று பாவா வழியிலேயே எனக்குச் சொல்லி வைத்திருந்தார். துணி அழுக்காகாமல் ரயிலேறுகிறதா என்று நேரில் பார்த்துவரத் தெருவார் அவரைத்தான் அனுப்பினார்கள்.

அவர் பெட்டியின் மூடியைத் திறந்து, மூட்டைகளின் மேல் சம்மணமிட்டு அமர்ந்து, கறுப்புக் குடையை விரித்தார்.

"பெரியவரே, குடைய மடக்கிக்கங்க. காத்து புடிங்கிகினு போவும்" என்றார் பாவா.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு நைனா. குடைய நான் பாத்துக்கறேன்."

ஊர் எல்லை தாண்டுமுன் குடை தலைகீழாய் விரிந்தது. அவர் அதைச் சினத்தோடு மடக்கிக் காலடியில் செருகினார். பிறகு மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது. வயல்களும் புளிய மரங்களும் பின்னோக்கி ஓட ஓட, அவர் முதுகு நிமிர்ந்தது. எதிரில் கட்டை வண்டிக்காரர் ஒருவர் மாட்டை ஒதுக்கிக்கொண்டு வாய் பிளந்து பார்த்தார். ஏகாம்பரம் அவரை நோக்கிக் கையை உயர்த்தினார், ஊர்வலத்தில் மாப்பிள்ளை உயர்த்துவதுபோல்.

"எனக்குக் கல்யாணத்துல கூட இப்பிடி ஒரு சவாரி வாய்க்கலப்பா" என்று என் காதருகே கத்தினார்.

அக்காவின் தட்டு

திருத்தணிக்கு நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தோம். வண்டி ஓரிடத்திலும் முரண்டு பிடிக்கவில்லை. வீட்டு வாசலில் தண்ணீர் குடிக்க நிறுத்தினோம். அக்கா தட்டோடு காத்திருந்தாள்.

அவள் அதற்குள் மலையேறி இறங்கியிருந்தாள். முருகன் திருமேனியில் சாத்திய சந்தனம் எங்கள் ஊரில் தீராத நோய்க்கும் மருந்து. அதைக் குழைத்து எடுத்து வந்திருந்தாள். வெறும் வண்டிக்குப் பூசை செய்வதில் பொருளில்லை, சுமையேற்றிய வண்டிக்குத்தான் செய்ய வேண்டும் என்பது அவள் எண்ணம்.

விளக்குக்கு ஒரு பொட்டு. கைப்பிடிகளுக்கு இரண்டு. பெட்டியின் மூடிக்கு ஒன்று. கடைசியாக, பெட்ரோல் தொட்டியின் மேலிருந்த வட்ட மூடி அவள் கண்ணில் பட்டது. வழவழப்பாக, நெற்றிபோலிருந்தது அது. அதற்கு மட்டும் தாராளமாக, கட்டைவிரலால் அழுத்தித் தடவி, நடுவில் குங்குமம் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது.

"நல்லபடியா போய்ட்டு வாங்க" என்றாள். பிறகு தண்ணீர்ச் செம்பைக் கழுவப் போய்விட்டாள்.

ஏரிக்கரைக்கு அப்பால்

அரக்கோணம் அங்கிருந்து அருகில்தான். ஏரிக்கரையைக் கடந்து சிறிது தூரம் சென்றிருப்போம். இஞ்சின் ஒருமுறை விக்கியது. மறுமுறை விக்கியது. நின்றுவிட்டது.

பாவா இறங்கி, மூடியைத் திறந்து, தொட்டிக்குள் பார்த்தார். பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. மூடினார். உதைத்தார். உடனே கிளம்பியது.

"தூசி கீசி அடச்சிகினு இருந்திருக்கும்" என்றார்.

மறுபடியும் சற்றுத் தொலைவு. மறுபடியும் அதே விக்கல்.

இம்முறை பாவாவின் முகம் சுருங்கிற்று. "புது ஜெட்டுதான். வெயிலுக்கு ஒத்துக்கல" என்று கித்தான் பையிலிருந்து பழைய ஜெட்டை எடுத்தார். கொதிக்கும் இஞ்சினில் கை வைத்துக் கழற்றினார், விரல் பொரிந்தது, வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே மாட்டினார். நிழல் எங்கள் காலடியில் சுருங்கிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் பெட்டிக்குள்ளிருந்தே கேட்டார்:

"இன்னா நைனா, கட்ட வண்டிக்காரன் முந்திக்குவான் போல கீதே?"

"கொஞ்சம் இருங்க பெரியவரே."

"நான் இருக்கறேன். ரயிலு இருக்குமா?"

தொட்டியைத் திறந்து மீண்டும் ஒருமுறை பார்த்து, மூடி, உதைத்தார். இஞ்சின் உறுமியது. "சொன்னேன்ல, ஜெட்டுதான்!" என்று பாவா கூவினார். நாங்களும் கூவினோம். அரக்கோணத்துப் பக்கம் வானில் ரயில் புகை தெரியும் தொலைவில் வண்டி மூன்றாம் முறை நின்றது.

 பனையோலைகள் காற்றில் உரசும் ஒலி மட்டும் கேட்டது. பாவா இறங்கவில்லை. கைப்பிடியைப் பற்றியபடியே அமர்ந்திருந்தார். பிறகு, வேறு செய்வதறியாமல், தொட்டியின் மூடியைத் திருகினார்.

பெருமூச்சு

ஏகாம்பரத்தின் தலை பெட்ரோல் தொட்டிக்கு அருகே இருந்தது.

"ஏம்பா, இத நீ தெறக்கறப்பல்லாம் உஸ்ஸுன்னு பெருமூச்சு வுடுதே. என்னை ஏத்திகினு போறதுல அதுக்கு இம்மாந் துக்கமா?"

பாவாவின் கை அப்படியே நின்றது. மூடியை உள்ளங்கையில் திருப்பி வெயிலில் பிடித்தார். அக்கா வைத்த சந்தனம் சுண்ணாம்புப் பூச்சுபோல் காய்ந்து இறுகியிருந்தது. நடுவில் குங்குமம்.

தொட்டியில் பெட்ரோல் குறையக் குறைய, அவ்விடத்தை நிரப்பக் காற்று உட்புக வேண்டும். அதற்கென்றே மூடியின் நடுவில் ஊசிமுனையளவு ஒரு துளை உண்டு. சந்தனம் அதை அடைத்துவிட்டது. காற்று புகாத தொட்டியிலிருந்து பெட்ரோல் இறங்க மறுத்தது. மூடியைத் திறக்குந்தோறும் காற்று புகுந்து, வண்டி சிறிது தூரம் ஓடியிருக்கிறது. பழைய ஜெட்டும் புதிய ஜெட்டும் ஒரு குற்றமும் செய்யவில்லை.

பாவா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "கமலா" என்றார் மெதுவாக. 

வேலமுள் ஒன்றைக் கிள்ளிச் சுரண்டத் தொடங்கினார். ஏகாம்பரம் பதறி, "சாமி சந்தனம், கீழ வுழக்கூடாது நைனா" என்றார். சுரண்டிய துகளையெல்லாம் பாவா உள்ளங்கையில் ஏந்தி, பெட்ரோல் மணத்தோடு, தம் நெற்றியிலேயே இட்டுக்கொண்டார்.

"இத ஊட்ல யாரும் சொல்லக் கூடாது. அவ தாங்கமாட்டா" என்றார்.

"எனக்குக் காதே கேக்காது" என்றார் ஏகாம்பரம்.

அதன்பின் வண்டி ஓடியது ஓட்டமே அன்று, பாய்ச்சல். ஆனால் நாங்கள் நிலையத்து வாயிலில் நின்றபொழுது சென்னை ரயிலின் கடைசிப் பெட்டி நடைமேடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. கார்டு பச்சைக் கொடியைச் சுருட்டினார். பாவா ஒரு மூட்டையைத் தோளில் தூக்கியவாறே நின்றார். அதை இறக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

நிற்காமல் போன வழி

திரும்பும் வழி எங்கள் தெருமுனையைத் தொட்டே செல்லும். அக்கா வாசலில் நின்றிருந்தாள். மூட்டைகள் நிறைந்த பெட்டி திரும்பி வருவதைக் கண்டாள். பாவா நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. பின்னிருக்கையிலிருந்து நான் பார்த்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு, பிறகு உள்ளே போனாள்.

அம்மையார்குப்பத்தில் வண்டியொலி கேட்டதும் தறிகளின் ஓசை ஒவ்வொன்றாய் அடங்கியது. தெரு கூடியது. எவர் முகத்திலும் வரவேற்பு இல்லை.

"இன்னாப்பா, போன மூட்டைங்க அப்பிடியே திரும்பி வந்துகினு கீது?" என்றார் ஒருவர்.

"மோட்டாரு நின்னுட்ச்சா? நான் அப்பவே சொல்லல?" என்றார் மற்றொருவர்.

பாவா வாயெடுத்தார். நான் அவரைப் பார்த்தேன். சந்தனத்தைச் சொன்னால், சாமியே தடுத்துவிட்டது என்று தெரு முடிவு கட்டும். சொல்லாவிட்டால், வண்டி உதவாது என்று முடிவு கட்டும். இரண்டுக்கும் விளைவு ஒன்றே.

அப்போது ஏகாம்பரம் மூட்டைகளின் மேல் எழுந்து நின்றார்.

"வண்டிய யாரும் குத்தம் சொல்லாதீங்க. அது குதிர மாதிரி ஓடிச்சி. நாந்தான் நிறுத்தச் சொன்னேன்."

"எதுக்கு?"

கரை வேட்டியின் மடிப்பை அவர் ஒருமுறை நீவிக்கொண்டார்.

"வவுறு கலக்கிப் பூட்ச்சி."

தெரு திகைத்தது.

"ஒரு தபா இல்ல, மூணு தபா. ஏரிக்கரையில எறங்கனவன் எந்திரிக்கவே நேரமாய்ட்ச்சி. போதுமா?"

முதலில் ஒரு பெண்தான் சிரித்தாள். "காலைல கூழு மூணு சொம்பு ஊத்திகினு போனா வேற இன்னா ஆவும் தாத்தா?" என்றாள். பிறகு தெருவே குலுங்கியது. தம்மைப் பார்த்து எவரும் சிரித்தறியாத அம்மனிதர் அந்தச் சிரிப்புக்கு நடுவே, பெட்டியின் மேல், நிமிர்ந்து நின்றார். பாவாவின் கண்கள் கலங்கியதை நான் கண்டேன்.

"சரிப்பா முனிரத்தினம், வர வாரம் இன்னோரு தபா ஓட்டிப் பாரு. ஆனா இவர மட்டும் ஏத்தாத" என்று சொல்லித் தெரு கலைந்தது.

ஏகாம்பரம் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பெட்டியின் மூங்கில் விளிம்பை ஒருமுறை தடவிப் பார்த்தார். மறு வாரமும் அதற்குப் பின் பல வாரங்களும் மூட்டைகள் நண்பகல் ரயிலில் ஏறின. ஆனால் அவரை யாரும் அவ்வண்டியில் அனுப்பவே இல்லை. ஏரிக்கரைப் பெயரைச் சொல்லி இளைஞர்கள் அவரை நெடுநாள் கேலி செய்தார்களாம். அவர் மறுத்ததில்லையாம். பாவா பின்னர் பெட்ரோல் தொட்டி மூடியின் மேல் குடைபோல ஒரு பித்தளைத் தகட்டைப் பொருத்திக்கொண்டார். அக்கா அதன்மேல் பொட்டு வைப்பாள். ஏன் பொருத்தினீர்கள் என்று அவள் கேட்டதற்கு, அழகுக்கு என்றார்.

அன்று மாலை

நாங்கள் வீடு சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கூடத்தின் நடுவே பாவாவின் தகரப் பெட்டி திறந்திருந்தது. வெளுத்து மடித்த சட்டைகள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. அக்கா முட்டியிட்டு அமர்ந்து கடைசிச் சட்டையின் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த வண்டிக்குப் போறீங்க?" என்றாள், தலை நிமிராமல்.

"எந்த வண்டிக்கும் இல்ல. வர வாரமும் வரச் சொல்லிட்டாங்க."

ஊசி நின்றது.  நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு பெட்டியிலிருந்த சட்டைகளையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் சென்றாள்.

விளக்கேற்றும் நேரத்தில் எவரும் துணி துவைப்பதில்லை. அவள் துவைத்தாள். ஒரு கறையும் இல்லாத சட்டைகளை ஒவ்வொன்றாக நீரில் அமிழ்த்தி, அலசி, முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டாள். முகத்தில் தெறித்த நீரைத் துடைக்கவில்லை. பாவா கிணற்றடியில் வந்து நின்று பார்த்தார்.

"ஏ கமலா, இருந்ததெல்லாம் நனைச்சிட்டியே. நாளைக்கு நான் இன்னாத்த போட்டுக்கறது?"

அக்கா கடைசிச் சட்டையை உதறினாள்.

"ஊட்லதான இருக்கப் போறீங்க" என்றாள்.